வீடு தேடுவோர்க்கு வழிகாட்டும் இணையதளம்

பிழைப்பை நாடிப் பட்டணத்துக்குச் செல்லும் குடும்பம் முதலில் தேடுவது வேலையை. அடுத்ததாகத் தேடுவது வீட்டை. முன்னாளில் வீடு தேடுவதற்கு உறவினரும் ஊர்க்காரரும் தெருமுனைத் தரகரும் துணையாக இருந்தனர். வாசலில் தொங்கவிட்ட ‘வீடு வாடகைக்கு விடப்படும்’ என்னும் அட்டையே விளம்பரம். இன்று அந்த வேலையில் பெரும்பகுதியைக் கைபேசியும் இணையதளமும் ஏற்றுக்கொண்டுவிட்டன. நகரத்து வீடுகள் மட்டுமல்லாமல் மீஞ்சூர், அத்திப்பட்டு போன்ற ஊர்களின் மனைகளும் இவ்வழியே விலைக்கு வருகின்றன. ஆகவே, நிலமும் வீடும் காட்டும் இணையதளம் எவ்விதம் அமைய வேண்டும் என்பது கிராம மக்களுக்கும் நெருங்கிய சம்பந்தமுள்ள விஷயமாகும். இந்தப் பாடத்தில் அதனை ஆராய்வோம்.

வடசென்னை நமக்கு உதாரணம்

பொதுவாகப் பேசுவதைவிட ஓர் இடத்தை வைத்துக்கொண்டு பேசுவது தெளிவு தரும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. துறைமுகமும் மீன்பிடித் துறையும் தொழிற்சாலைகளும் அனல் மின் நிலையங்களும் பெருகியபோது, பல மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் இங்கே வந்து குடியேறினர். தனி நகராட்சிகளாக இருந்த திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது.

போக்குவரத்து வசதி வந்தால் விளம்பரங்களும் உடன் வரும். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் போன்ற மீனவர் குடியிருப்புகளும், நூறாண்டு கண்ட ஓட்டு வீடுகளும், புதிய அடுக்குமாடிகளும் அருகருகே உள்ள பகுதி இது. ஒரு தெருவில் தெளிவான பட்டா இருக்கும். அடுத்த தெருவில் புறம்போக்கு இருக்கும். ஒரு தெருவில் வெள்ளம் ஏறாது. அடுத்த தெருவில் இடுப்பளவு நிற்கும். இத்தகைய இடத்தில் வீடு தேடுவோருக்கு உண்மையில் உதவும் இணையதளம், எங்கும் உதவும்.

வருகிறவர் யார்?

கடை வைப்பவர் வாடிக்கையாளரை அறிந்து கடை வைக்கிறார். இணையதளம் அமைப்பவரும் அவ்விதமே செய்தல் வேண்டும். காசிமேட்டில் விடியற்காலையில் வேலை முடித்து வருகிற மீன் தொழிலாளி, மணலித் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை செய்பவர், மகளிர் சுய உதவிக் குழுவில் சேமித்த பணத்தை வைத்துக்கொண்டு ஒரு சிறு வீட்டை எதிர்பார்க்கும் தாய், மகனுக்காக வெளியூரிலிருந்து தேடும் விவசாயி: இவர்களே வருகிறவர்கள். இவர்களிடம் கணினி இராது. விலை குறைந்த கைபேசி இருக்கும். அதன் திரை சிறியது. பல நேரங்களில் வெயிலில் நின்று பார்க்க வேண்டியது. வாங்கியுள்ள இணையத் தரவும் அன்றாட அளவுக்கு உட்பட்டது.

ஆதலின் படங்களின் கனத்தைக் குறைப்பது முதற் கடமையாகும். கைபேசியில் எடுத்த படம் ஒன்று 4 மெகாபைட் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் அவ்விதப் படங்கள் 30 இருந்தால் 120 மெகாபைட் ஆகிறது. ஒவ்வொன்றையும் 150 கிலோபைட் அளவுக்குச் சுருக்கினால் முப்பதும் சேர்ந்து 4½ மெகாபைட்டுக்குள் அடங்கும். சிறு திரையில் பார்ப்பவரின் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. பக்கமோ உடனே திறக்கும். தாமதமாகத் திறக்கும் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த தளத்துக்குப் போகிறவரை மீண்டும் அழைத்து வருவது எளிதன்று.

முதற் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்?

வருகிறவர் மனத்தில் மூன்று கேள்விகள் உள்ளன. வாங்கவா, வாடகைக்கா? எந்த இடம்? எவ்வளவு பணம்? முதற் பக்கம் இந்த மூன்றையும் கேட்டுவிட்டு உடனே வீடுகளைக் காட்ட வேண்டும். நிறுவனத்தின் பெருமை, அசையும் படங்கள், தானாக ஒலிக்கும் இசை ஆகியவை வாசலில் நின்று வழி மறிப்பவை.

பல தளங்கள் ஒரு வீட்டையேனும் காட்டுமுன் பெயரும் கைபேசி எண்ணும் கேட்கின்றன. எண்ணைக் கொடுத்தவருக்கு அன்றிரவே பத்து இடங்களிலிருந்து அழைப்பு வருகிறது. இது விருந்தினரை வாசலிலேயே நிறுத்திக் கணக்குக் கேட்பதற்கு ஒப்பாகும். விவரம் முழுவதையும் முதலில் காட்டிவிட்டு, விரும்பினால் அழைக்கலாம் என்று ஒரு பொத்தான் வைத்தலே முறை. வாங்கும் எண்ணை எதற்குப் பயன்படுத்துவோம், யாருக்குக் கொடுப்போம் என்பதைத் தமிழில் இரண்டு வரிகளில் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டதன் கருத்தும் இதுவே. ஆதார் எண் வீடு பார்ப்பதற்குத் தேவையில்லை. அதனைக் கேட்கவும் கூடாது.

ஊர்ப் பெயரும் தமிழ் எழுத்தும்

இராயபுரம் என்று எழுதுவார் உளர். ராயபுரம் என்று எழுதுவாரும் உளர். திருவொற்றியூரைத் திருவெற்றியூர் என்போர் உண்டு. எர்ணாவூரும் எரணாவூரும் ஒன்றே. வண்ணாரப்பேட்டையை ஆங்கிலப் பெயரால் வாஷர்மேன்பேட்டை என்று தேடுகிறவரும் இருக்கிறார். இவற்றுள் ஒன்றை மட்டும் தளம் அறிந்திருந்தால் மற்றவருக்கு ‘வீடு எதுவும் இல்லை’ என்ற விடை கிடைக்கும். இருபது வீடுகள் இருக்கையில் இல்லை என்று சொல்லுவது வருகிறவருக்கும் நஷ்டம், வீட்டுக்காரருக்கும் நஷ்டம். ஒவ்வோர் ஊருக்கும் வழங்கும் பெயர்கள் அனைத்தையும் ஓர் அட்டவணையாகத் தயாரித்துத் தளத்துக்குக் கற்பித்துவிட வேண்டும். தபால்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் இவ்வேலைக்குச் சிறந்த ஆசிரியர்கள்.

எழுத்து ஒருங்குறியில் இருத்தல் அவசியம். தமிழ்நாடு அரசாங்கம் 2010-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. விவரம் முழுவதையும் ஒரு படத்தில் எழுதி ஒட்டினால் அதனைத் தேட முடியாது. கண் பார்வையற்றவருக்குக் கைபேசி படித்துக்காட்டவும் முடியாது. எல்லாரும் பயன்படுத்தத்தக்க இணையப் பக்கங்களுக்கான உலக வழிகாட்டி நெறிகள் 1999-இல் முதன்முதலாக வெளியாயின. எழுத்துக்கும் பின்னணிக்கும் தெளிவான நிற வேற்றுமை இருக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு படத்துக்கும் சொற்களில் விளக்கம் வேண்டும் என்பதும் அவற்றுள் முக்கியமானவை. வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் பதிப்பது அழகாகத் தோன்றலாம். வெயிலில் நிற்பவருக்கும் முதியவருக்கும் அது வெற்றுத்தாளே.

அளவும் விலையும்

பட்டாவில் நிலம் ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கிறது. கிராமத்தார் சென்ட் என்கின்றனர். சென்னையில் கிரவுண்டு என்பர். விளம்பரத்தில் சதுர அடி வரும். இந்த நான்கையும் பக்கத்திலேயே மாற்றிக் காட்டுவது சிறந்த உதவியாகும். 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 5½ சென்ட். 1 ஏர்ஸ் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,076 சதுர அடி.

அடுக்குமாடி வீட்டில் ஏமாற்றம் பெரும்பாலும் அளவிலேயே நேர்கிறது. மாடிப்படி, நடைவழி முதலிய பொது இடங்களின் பங்கையும் சேர்த்து 800 சதுர அடி என்று விளம்பரம் செய்திருப்பர். உள்ளே கால் வைத்துப் புழங்கும் இடம் 600 சதுர அடியே இருக்கும். சதுர அடிக்கு ரூ.5,000 வீதம் விலை ரூ.40 லட்சம் என்றால், புழங்கும் இடத்துக்குக் கணக்கிடும்போது சதுர அடிக்கு ரூ.6,667 ஆகிறது. 2016-ஆம் ஆண்டு மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் புழங்கு பரப்புக்கு இலக்கணம் வகுத்துள்ளது. வெளிச்சுவரும் பால்கனியும் திறந்த மாடியும் அதில் சேரா. உள் தடுப்புச் சுவர்கள் சேரும். தளத்தில் இந்த அளவே பெரிய எழுத்தில் நிற்க வேண்டும். நிலத்தில் கிடைக்கும் பிரிபடாத பங்கும் அதனருகே எழுதப்பட வேண்டும்.

விலை என்பதும் விளம்பர விலையோடு முடிவதில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை, சொத்து மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவை விற்பனைப் பத்திரத்துக்குப் பொதுவாகச் சேர்ந்து நூற்றுக்கு 9 ஆகின்றன. ரூ.20 லட்சம் வீட்டுக்கு இது ரூ.1,80,000. அந்த ரூ.20 லட்சத்தையும் நூற்றுக்கு 9 வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.18,000, 240 மாதங்களில் கட்டும் தொகை ஏறத்தாழ ரூ.43 லட்சம். தவணையை மட்டும் காட்டி மொத்தத்தை மறைக்கும் கணக்குப் பெட்டி, அரை உண்மையைச் சொல்லுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் குடும்பம் தன் சக்திக்கு ஏற்ற முடிவைச் செய்யும்.

பத்திரங்களைக் காட்டும் முறை

நிலத்தின் உயிர் அதன் ஆவணத்தில் இருக்கிறது. 2016 செப்டம்பரில், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின்பு பத்திரப் பதிவு நின்றதால் தமிழ்நாடெங்கும் மனை வாங்கியிருந்த எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் திகைத்தன. 2016 அக்டோபர் 20-க்கு முந்திய மனைப் பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசாங்கம் விதிகள் வகுத்தது. அக்குடும்பங்கள் வாங்கிய நாளில் ‘அங்கீகாரம் உண்டா?’ என்ற ஒரு கேள்விக்கு விளம்பரத்தில் நேரான விடை இருந்திருந்தால் அத்துன்பத்தில் பெரும்பங்கு நேர்ந்திராது.

ஆகவே, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு சொத்தின் பக்கத்திலும் கீழ்க்கண்டவை ஒரே வரிசையில் இருத்தல் வேண்டும்:

1. சர்வே எண்ணும் உட்பிரிவும். நகரப் பகுதியானால் வார்டு, பிளாக்கு, நகர அளவை எண்.

2. பட்டா யார் பெயரில் உள்ளது என்பது. பட்டா இல்லையெனில் இல்லை என்றே எழுத வேண்டும்.

3. மனைப் பிரிவு அல்லது கட்டட அனுமதியின் எண்ணும் தேதியும்.

4. வில்லங்கச் சான்று எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பார்க்கப்பட்டது என்பது.

5. மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்.

ஐந்தாவது விஷயம் சட்டத்தின் கட்டளை. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டதோ, வீடுகள் எட்டுக்கு மேற்பட்டனவோ ஆன திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே தவறு. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கொடுத்தவர் நஷ்டஈடு கோரலாம். எழுத்து மூலமான ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் நூற்றுக்கு 10-க்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. இந்த உரிமைகளைத் தளமே எடுத்துச் சொல்லுமாயின் அதன்மேல் மக்களுக்கு நம்பிக்கை வளரும்.

தளம் சொல்வதை வருகிறவர் தாமே சரிபார்க்கவும் வழி வேண்டும். தமிழ்நாட்டில் பட்டா விவரத்தை வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும், வில்லங்க விவரத்தையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத் துறையின் தளத்திலும் பார்க்கலாம். அவ்விடங்களுக்கு நேரே செல்லும் இணைப்பை ஒவ்வொரு பக்கத்திலும் வைத்து, எந்த எண்ணை எந்தக் கட்டத்தில் இட வேண்டும் என்று விளக்க வேண்டும். பதிவு செய்யப்படாத கடனோ, வாய்மொழிப் பாகப்பிரிவோ வில்லங்கச் சான்றில் வராது என்பதையும் எச்சரித்தல் நலம். புறம்போக்கு நிலம், கோயில் நிலம், அரசாங்கம் ஒதுக்கிய குடியிருப்பு ஆகியவற்றைச் சாதாரண வீடுகளோடு கலந்து காட்டவே கூடாது.

சுற்றுப்புறத்தின் உண்மை

‘மெட்ரோவிலிருந்து 5 நிமிஷம்’ என்பது வடசென்னை விளம்பரங்களில் அடிக்கடி காணும் வாசகம். நடந்தா, மோட்டார் சைக்கிளிலா என்பது அதில் இராது. காலடிப்பேட்டை நிலையத்துக்கு இத்தனை மீட்டர், கத்திவாக்கம் ரயில் நிலையத்துக்கு இத்தனை மீட்டர் என்று நடைவழித் தூரத்தையே எழுத வேண்டும். பள்ளி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், குடிநீர் வரும் முறை ஆகியவையும் குடும்பத்தலைவி கேட்கும் கேள்விகளே. கன்டெய்னர் லாரிகள் செல்லும் சாலையைக் கடந்து குழந்தை பள்ளிக்குப் போக வேண்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. குப்பங்களில் வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் படிந்தது. அதே மாத இறுதியில் எண்ணூரை அடுத்து அம்மோனியா வாயு கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. கரையோரத்தில் கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டுள்ளன. கடலின் உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் கட்டுவதற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதல் கட்டுப்பாடு விதிக்கின்றன. ஓத நீர் புகும் கழிமுகக் கரைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு.

இவற்றை எழுதினால் வீடு விலை போகாது என்று சிலர் அஞ்சக்கூடும். அந்த அச்சம் குறுகிய நோக்குடையது. குறையை மறைத்து விற்ற வீட்டைப் பற்றிய பேச்சு ஒரு மழைக்காலத்தில் ஊர் முழுவதும் பரவிவிடும். அதன் பின் அத்தளத்தில் வரும் நல்ல வீட்டையும் யாரும் நம்பார். 2015-இலும் 2023-இலும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, தரைத்தளம் சாலையைவிட எத்தனை அடி உயரம், அருகிலுள்ள தொழிற்சாலை எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் அண்டை வீட்டாரைக் கேட்டு எழுதிவிடலாம். அறிந்து வாங்குகிறவர் அதற்கேற்ப மேடை உயர்த்துவார். அறியாமல் வாங்குகிறவர் கடனோடு பண்ட பாத்திரத்தையும் இழப்பார்.

வாடகை வீடுகள்

இங்கே தேடுவோரில் பலர் வாடகைக்கே வருகின்றனர். மாத வாடகை, முன்பணம், பராமரிப்புக் கட்டணம், மின் கட்டண முறை, தண்ணீர் லாரிச் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. ஒரு பெருந்தொகையைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் போக்கிய வழக்கம் இப்பகுதியில் உண்டு. அத்தகைய வீட்டில் உரிமையாளர் பெயரும் பட்டாவின் பெயரும் ஒன்றா, வீட்டின்மேல் வங்கிக் கடன் உள்ளதா என்பவற்றை வாங்கும் வீட்டுக்குச் செய்வது போலவே சரிபார்க்கத் தூண்ட வேண்டும். அந்தப் பெருந்தொகை பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் நகையை விற்ற பணம் என்பதை மறக்கலாகாது.

ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த தேதி இருக்கட்டும். விற்றுப்போன வீட்டையும் குடிவந்துவிட்ட வீட்டையும் அன்றே நீக்கிவிட வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எண்ணூரிலிருந்து இராயபுரம் வருகிறவரிடம் ‘போன மாதமே போய்விட்டது’ என்று சொல்வது பெரும் அநீதி.

சோதித்துப் பார்த்தல்

சமைத்தவர் உண்டு பார்த்துப் பரிமாறுவது போல, தளத்தையும் திறக்குமுன் சோதிக்க வேண்டும். ஐந்து பேர் பயன்படுத்திப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று இத்துறை அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐவரும் அலுவலக நண்பர்களாக இருந்தால் பயனில்லை. ஒரு மீன் வியாபாரி, ஓர் ஆலைத் தொழிலாளி, ஒரு முதியவர், ஒரு கல்லூரி மாணவி, கண்ணாடியின்றிப் படிக்க இயலாத ஒருவர் ஆகியோரை அழைத்து, ‘திருவொற்றியூரில் மாதம் ரூ.7,000-க்குள் ஒரு வீடு கண்டுபிடியுங்கள்’ என்று கைபேசியைக் கொடுக்க வேண்டும். அருகிலிருந்து சொல்லித்தரக் கூடாது. அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே தவறான பொத்தானைத் தொடுகிறார்கள், எந்தச் சொல் புரியாமல் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு திருத்த வேண்டும். திருத்திய பின் வேறு ஐவரை அழைக்க வேண்டும்.

கிராம இளைஞர்கள் செய்யத்தக்கது

கணினி கற்ற இளைஞர்கள் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர். இ-சேவை மையங்களும் நூலகங்களும் உள்ளன. ஒரு வட்டாரத்துக்கென்று சிறிய, உண்மையான தளத்தை நடத்தப் பெருமுதல் தேவையில்லை. மேற்கூறிய விவரங்களைத் தெருத்தெருவாகச் சேகரிக்கும் பொறுமையே தேவை. மனை விற்பனையில் தரகு பெறுவதாயின் ஒழுங்குமுறை ஆணையத்தில் முகவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அறிந்து தொடங்குதல் நன்று.

தளம் நடத்தாதவர்களுக்கும் இப்பாடம் பயன்படும். இனி ஊரில் எவரேனும் கைபேசியில் ஒரு மனையைக் காட்டி முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டால், சர்வே எண் எங்கே, அனுமதி எண் எங்கே, புழங்கு பரப்பு எவ்வளவு, கடைசி வெள்ளத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்ற நான்கு கேள்விகளையும் கேட்கச் சொல்லுவோம். விடை அந்தப் பக்கத்திலேயே இருந்தால் மேலே ஆராயலாம். இல்லையெனில், விடை கிடைக்கும் வரை பணம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.